மூடுபனியில் முன்சீட்டு

எங்கள் குடும்பத்தில் கூடப் பிறந்தவளுக்குக் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்ப முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆயுசுக்கும் பேச்சு நின்றுபோகும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் புடவையும் வைத்து, அதன்மேல் பத்திரிகையை வைத்து, நேரில் போய் அழைக்க வேண்டும். கடைசித் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, தங்கை அமுதாவை அழைக்கும் வேலை மூத்தவனான என் தலையில் விழுந்தது. நாங்கள் இருப்பது விருதுநகர். அவள் இருப்பது மலேசியாவில், கேமரன் மலையில், திரிங்காப் என்ற ஊரில்.

எனக்கு வாகனம் என்றாலே பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பருப்பு மில்லுக்கும் வீட்டுக்கும் இடையில் ஸ்கூட்டர் ஓட்டுவேன், அதுவும் பஸ் வராத தெருவாகப் பார்த்து. கார் ஓட்டத் தெரியாது. அடுத்தவர் ஓட்டும் காரில் உட்கார்ந்தால் என் வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடும். விமானத்தில் எப்படிப் போனேன் என்பதை எழுதினால் என் பிள்ளைகள் படித்துவிடுவார்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

தானா ராத்தா பஸ் நிலையத்தில் இறங்கியபோது சாயங்காலம். மழை பெய்துகொண்டிருந்தது. பெய்கிறது என்று யாரும் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. எங்கள் ஊரில் நாலு தூறல் விழுந்தால் கடைக்காரர்கள் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார்கள். இங்கே குடை கூட இல்லாமல் ஆட்கள் சாவகாசமாகச் சாலையைக் கடந்துபோனார்கள். அமுதா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பின்னாலேயே மாப்பிள்ளை குணா, பனங்கட்டை மாதிரி உயரம், கூச்சச் சிரிப்பு.

"வாங்க மச்சான். பெட்டிய குடுங்க. முதல்ல சாப்ட்டுப் போலாம்."

குணா காய்கறி லோரி ஓட்டுபவர். திரிங்காப் சரிவுகளில் விளையும் முட்டைக்கோசையும் தக்காளியையும் ராத்திரியில் ஏற்றிக்கொண்டு கீழே சமவெளிக்குப் போய், காலையில் இறக்கிவிட்டு வருவார். அமுதாவும் கூடவே போகிறாள். லோரியில் ஓட்டுநருக்குத் துணையாகப் போகிறவரை இங்கே கெலிண்டான் என்கிறார்கள். பி.காம். படித்த என் தங்கை கெலிண்டான் ஆன கதையை அவள் போனில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். புருசனைத் தனியாக விடமாட்டாள் போல என்று நாங்களும் சிரித்தோம்.

பஸ் நிலையத்துக்கு எதிரே தமிழ் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. ரொட்டி சானாய் என்று வந்தது நம்முடைய பரோட்டாவுக்குத் தங்கச்சி முறை. சால்னா கொஞ்சம் இனித்தது. டீயை ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றி, நுரையோடு கொண்டுவந்து வைத்தார் கடைக்காரர். அவருடைய தாத்தா ராமநாதபுரம் பக்கமாம். விருதுநகர் என்றதும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்க மாப்ள காடியில லைட்ட போட்டா என் கடைக்கு கரண்ட் வேணாம்லா" என்றார். "சூரியன் மாதிரி அடிக்கும். எதிர்ல வர்றவன்லாம் ஏசிக்கிட்டே போவான்."

காடி என்றால் கார். குணா தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்தார். கிளம்பும்போதுதான் பார்த்தேன். அவர் விசையைத் தட்டியதும் எதிர்ச்சுவர் முழுக்கப் பளீரென்று வெளுத்தது. பழைய வண்டிக்குப் புதிதாகப் பொருத்திய வெள்ளை பல்புகள். ராத்திரிப் பயணத்துக்கு இவ்வளவு வெளிச்சம் இருந்தால் நமக்கென்ன பயம் என்று, மலேசியா வந்த பிறகு முதல் முறையாக நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்த நிம்மதி டவுனைத் தாண்டும்வரை இருந்தது.

சாலை மேலே ஏற ஏற, மூடுபனி இறங்கி வந்தது. நான் ஊட்டியில் பனி பார்த்திருக்கிறேன். அது பகலில், ஓட்டல் ஜன்னல் வழியாக, கையில் காபியோடு பார்த்த பனி. இது வேறு. விளக்கு வெளிச்சம் பத்தடி போய் அங்கேயே நின்றது. அதற்கு அப்பால் சுண்ணாம்பு அடித்த சுவர். மழைத்துளி ஒவ்வொன்றும் விளக்குக்கு முன்னால் கண்ணாடித் தூளாக மின்னியது. சாலை எங்கே போகிறது என்று பின்சீட்டிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குணா மட்டும் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டினார்.

முன்சீட்டிலிருந்த அமுதா வாய் மூடவே இல்லை. "பூக்கடை வந்துருச்சு. இப்ப வளைவு. இடது பக்கம் லேசா ஒதுங்கு. கோடு போகுது, கோடு போகுது, அப்படியே வா. எதிர்ல லோரி. நில்லு, நில்லு, போகட்டும்." குணா நிறுத்தினார். எதிரே வந்த லோரியின் விளக்கு எங்கள் முகத்தில் அடித்துவிட்டுக் கடந்துபோனது. அது போன பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. அமுதா "ம், போலாம்" என்றதும்தான் எடுத்தார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஓட்டுகிறவனுக்கு இப்படி வரிக்கு வரி பாடம் எடுத்தால் அவன் எப்படி ஓட்டுவான்? என் மனைவி ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து "பாத்து, பாத்து" என்று இரண்டு தடவை சொன்னாலே எனக்குக் கோபம் வந்துவிடும். இந்த மனுசன் பொறுமைசாலி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அமுதா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மறுநாள் வெயில் அடித்தது. நேற்று ராத்திரி வந்த ஊரா இது என்று எனக்கே சந்தேகம். சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள், அதற்கு மேலே கறுத்த காடு, காடு முடிகிற இடத்தில் தேயிலை. குணா தோட்டம் காட்டக் கூட்டிப்போனார். தேயிலைத் தோட்டத்துக்குள் ஓடும் சாலை ஒரு வண்டி போகும் அகலம்தான். ஒரு பக்கம் மண்சுவர், இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. கல் இல்லை, கம்பி இல்லை, கோடு இல்லை. எட்டிப் பார்த்தால் தேயிலைப் புதர்கள் வரிவரியாக இறங்கி, எங்கோ அடியில் ஓடையில் போய் முடிந்தன. நான் கதவுப் பிடியை விடவே இல்லை.

அன்றைக்கு அமுதா பேசவில்லை. பகலில், நல்ல வெளிச்சத்தில், புருசன் ஓட்ட ஓட்ட அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். ஆக, நேற்று பயத்தில்தான் பேசியிருக்கிறாள், இந்தக் குணம் எங்கள் வம்சத்தில் எனக்கு மட்டுமே வந்தது அல்ல என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தோட்ட வாசலில் கம்பத்தைத் தூக்கிவிடும் காவல்காரர் வயதானவர். அவர் பெயரை யாரும் சொல்லவில்லை, ஜாகா என்றே கூப்பிட்டார்கள். காவல்காரருக்கு இங்கே அதுதான் பெயர். தமிழ்நாடு என்றதும் "அங்க இப்ப மழையா?" என்று கேட்டார். ஆறு மாதமாகச் சொட்டு இல்லை என்றேன். "குடுத்து வச்ச ஊரு" என்றார். எங்கள் ஊரை அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

மத்தியானம் முட்டைக்கோஸ் கூட்டு, முட்டைக்கோஸ் பொரியல், முட்டைக்கோஸ் போட்ட சாம்பார். பிறகு காய்கறிக் கொட்டகைக்குப் போனோம். மொத்த வியாபாரி சுப்ரா அங்கே நின்றுகொண்டு பெட்டிகளுக்கு டேப் ஒட்டச் சொல்லி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். குணா ஏற்றிக்கொண்டு போவதெல்லாம் அவருடைய சரக்குதான். தொப்பையும் தங்கச் சங்கிலியுமாகக் கலகலப்பான மனிதர். எனக்கு ஒரு கூடை ஸ்ட்ராபெரி கொடுத்தார். "குணா மாதிரி டிரைவர் மலையிலயே கெடையாதுலா. எவ்ளோ மழை பேஞ்சாலும் சரக்கு விடியறதுக்குள்ள கீழ போயிரும்" என்றார். மாப்பிள்ளையைப் பற்றி ஊர்க்காரர் ஒருவர் நல்லபடியாகச் சொன்னால் மச்சானுக்குப் பெருமையாகத்தானே இருக்கும்.

மூன்றாம் நாள் நல்ல நேரம் பார்த்துத் தாம்பாளம் வைத்து அழைத்தேன். இருவரும் சேர்ந்து நின்று வாங்கிக்கொண்டார்கள். அமுதா புடவையைத் தடவிப் பார்த்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை அவளுக்கு. வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். வாயு என்றேன் நான். சுக்குக் கஷாயம் வைத்துக் குடித்தாள். சாயங்காலம் மழை பிடித்தது. இருட்டியபோது அவள் வலது பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டுவிட்டாள். உடம்பு கொதித்தது. தொட்டால் கத்தினாள்.

குணா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வரும் வழியில் மண் சரிந்து கிடக்கிறது, வண்டி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் லோரி எடுத்துக்கொண்டு சாயங்காலமே கீழே போய்விட்டார்கள். கொட்டகையில் படுத்திருந்த வேலைக்காரர்கள் யாருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. எனக்கும் தெரியாது. என் வாழ்க்கையில் அதற்காக நான் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

அமுதாவைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். அவள் தலையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் பின்னால் ஏறப் போனேன்.

"மச்சான், நீங்க முன்னால வாங்க" என்றார் குணா.

"அவ தனியா கெடக்கா மாப்பிள்ளை."

"முன்னால வாங்க மச்சான்." அவர் குரல் உடைந்திருந்தது.

முன்னால் ஏறினேன். அவர் சாவியைத் திருகினார், விளக்கைப் போட்டார். வெள்ளைச் சுவர் கண்ணெதிரே வந்து நின்றது. வண்டி நகரவில்லை. எஞ்சின் ஓடுகிறது, கியர் போட்டாயிற்று, அவர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். எடுங்கள் என்றேன். எடுக்கவில்லை.

பின்னாலிருந்து அமுதாவின் குரல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "தண்ணித் தொட்டி… வலது ஒடி… இப்ப நேரா… கேட்டு வரும்…" அவள் படுத்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். மனப்பாடமாகச் சொன்னாள். வண்டி மெல்ல உருண்டது. கேட் வரை வந்ததும் அவளுக்கு வலி வந்து சொல் நின்றது. வண்டியும் நின்றது.

"அண்ணே, நீ சொல்லு" என்றாள்.

"என்னத்தச் சொல்ல?"

"கண்ணுக்குத் தெரியறத சொல்லு. அவருக்கு ராத்திரியில தெரியாதுண்ணே."

 குணாவைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை.

"ரெண்டு வருசமா மச்சான்" என்றார். "பகல்ல பரவால்ல. ராத்திரியில எதிர் லைட்டு பட்டா எல்லாம் வெள்ளையாயிரும். கண்ணுல பூ விழுந்திருக்குன்னாங்க. டாக்டர்கிட்ட எழுதி வாங்குனா லைசென்ஸ் போயிரும். லோரிய விட்டா எனக்கு என்ன தெரியும்?"

அந்தச் சூரிய விளக்கின் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண் மங்க மங்க, வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து, அவர் மேலும் மேலும் பெரிய பல்பாக மாற்றிக்கொண்டே போயிருக்கிறார். பனியில் வெளிச்சம் கூடக் கூடச் சுவர்தான் தடிக்கும். பார்வை குறைந்த மனிதர் தன் கையாலேயே தனக்கு முன்னால் சுவர் கட்டியிருக்கிறார். அதற்கு முன்னால் என் தங்கை இரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள்.

கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. இறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பின்னால் அமுதா முனகினாள்.

இறங்கினேன். சின்ன வயதில் எங்கள் ஊர் லாரிகளின் விளக்கில் மேல்பாதிக்குக் கறுப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்காமலிருக்க. எதற்கென்று தெரியாமல் அதுதான் அப்போது நினைவுக்கு வந்தது. வண்டியில் பெட்டி ஒட்டும் பழுப்பு டேப் கிடந்தது. சட்டையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, இரண்டு விளக்கிலும் மேல்பாதிக்கு ஒட்டினேன். ஈரத்தில் பாதி ஒட்டியது, பாதி ஒட்டவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது சுவர் கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. பத்தடி தெரிந்த இடத்தில் பதினைந்து அடி தெரிந்தது, அவ்வளவுதான். ஒன்றுமில்லாததற்கு அது பெரிய விஷயம்.

"இடது பக்கக் கோட்ட நீங்க பாருங்க மச்சான். தலைய வெளிய நீட்டிப் பாருங்க. கோடு காடிக்கு எவ்ளோ தூரத்துல இருக்குன்னு சொல்லிக்கிட்டே வாங்க. நிறுத்தாதீங்க. நீங்க நிறுத்தினா நான் நிறுத்திருவேன்."

தலையை வெளியே நீட்டினேன். மழை காதுக்குள் போனது. ஒரு முழம், ஒரு முழம், அரை முழம், வலது, வலது, சரி, ஒரு முழம். நான் சொல்லச் சொல்ல வண்டி போனது. என் வாயும் அவர் கையும் ஒரே ஆளுடையவை மாதிரி ஆகிவிட்டன. நான் எச்சில் விழுங்க நிறுத்தினால் வண்டி தயங்கியது. என் குரல் பதறினால் ஸ்டீயரிங் பதறியது. பயத்தைக் குரலில் காட்டக்கூடாது என்று அப்போது புரிந்தது. அமுதா முதல் நாள் எப்படிக் கதை பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தாள்!

கொஞ்ச தூரத்தில் சாலை அடைபட்டிருந்தது. மண்ணும் மரமுமாகக் குவியல். மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் டார்ச்சை ஆட்டி மலாயில் ஏதோ கத்தினார். தேயிலைத் தோட்டத்துச் சாலையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், அதன் வழியே சுற்றிக்கொண்டு போகலாம் என்கிறார் என்று குணா சொன்னார். முந்தாநாள்… இல்லை, நேற்றுப் பகலில் பார்த்த அதே சாலை. கல் இல்லாத, கம்பி இல்லாத, கோடு இல்லாத சாலை. பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

வாசலில் ஜாகா கம்பத்தைத் தூக்கிவிட்டு ஓடிவந்தார். உள்ளே எட்டிப் பார்த்து அமுதாவைக் கண்டதும் "ஐயோ பிள்ள" என்றார். "முன்னால கொழுந்து லோரி ஒண்ணு போயிருக்கு. அதோட சிவப்பு லைட்டப் பிடிச்சுக்கிட்டே போங்க. அவனுக்கு ரோடு தெரியும்."

கொஞ்ச நேரத்தில் அந்தச் சிவப்பு விளக்குகள் தெரிந்தன. அவற்றைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோயில் விளக்கைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. "நேரா, நேரா, லைட்டுப் பின்னாலயே" என்றேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஓரத்தைப் பார்ப்பதை விட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

லோரி எங்கே திரும்பியது என்று எனக்குத் தெரியாது. விளக்கு தெரிந்தது, நாங்கள் அதை நோக்கிப் போனோம், அவ்வளவுதான். அது வளைவைச் சுற்றிவிட்டு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் வளைவைச் சுற்றாமல் விளக்குக்கு நேரே போயிருக்கிறோம். என் பக்கம் முன்சக்கரம் சட்டென்று இறங்கியது. வண்டி என் தோள்பக்கமாகச் சாய்ந்தது. ஜன்னலுக்குக் கீழே பார்த்தேன். தேயிலை இலைகள் விளக்கில் பளபளத்தன. அவை என் காலுக்குக் கீழே இருந்தன.

அமுதா கத்தினாள். வலியால் கத்தினாளா, வண்டி சாய்ந்ததால் கத்தினாளா தெரியவில்லை.  குணாதான் பேசினார்.

"மச்சான், அசையாதீங்க. சக்கரத்துக்கு அடியில என்ன இருக்கு, பாத்துச் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை."

"பின்சக்கரம்?"

குணாவின் போனை வாங்கி டார்ச்சைப் போட்டு, கழுத்தை நீட்டிப் பார்த்தேன். பின்சக்கரம் மண்ணில் இருந்தது. சொன்னேன். அவர் நாலு சக்கரமும் இழுக்கும் கியரைப் போட்டு, மூச்சு விடுகிற அளவுக்கு மெதுவாகப் பின்னால் இழுத்தார். வண்டி உறுமியது, மண்ணைத் தெறித்தது, நின்றது, மறுபடி உறுமியது. மூன்றாவது தடவை என் பக்கம் மேலே எழும்பியது. நான் சாமி பெயர் எதையும் சொல்லவில்லை. எல்லோரும் சொல்வார்கள், எனக்கு ஒரு பெயரும் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் வண்டியில் ஏறவில்லை. முன்னால் நடந்தேன். டார்ச்சை முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டு, ஓரத்தைக் காலால் தடவித் தடவி நடந்தேன். என் முதுகிலிருந்த வெளிச்சத்தைக் குணா பிடித்துக்கொண்டு வந்தார். என் வெள்ளை வேட்டி விளக்கில் தெரியும் என்றார். பின்னால் எஞ்சின் சத்தம், முன்னால் ஒன்றுமே இல்லை. எந்த அடியில் தரை இருக்கும், எந்த அடியில் இருக்காது என்று தெரியாத நடை அது. பருப்பு மில்லில் மூட்டைக்கு நடுவே நடக்கக்கூடப் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறவன் நான். தார்ச்சாலை காலில் பட்டபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். குணா ஹாரன் அடித்துத்தான் எழுப்பினார்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர், மலாய்ப் பெண். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுக் குடல்வால் என்றார். வெடிக்கும் நிலையில் இருக்கிறது, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், கீழே போகும் பாதை திறந்துதான் இருக்கிறது, உடனே ஆம்புலன்ஸ் கிளம்பும் என்றார். இன்னும் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தவர், எங்கள் இருவரையும் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டு மேலே சொல்லவில்லை. சேறும் இலையுமாக நின்றோம்.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது குணா என் முழங்காலில் கை வைத்தார்.

"நல்லா சொன்னீங்க மச்சான். முதல் தடவை சொல்றவங்க மாதிரியே இல்ல. அமுதா கூட ஆரம்பத்துல இவ்ளோ நல்லா சொல்லல."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், உண்மையிலேயே மார்பு நிமிர்ந்தது. அவர் தொடர்ந்தார். "நாளைக்கு சுப்ராண்ணனோட லோடு இருக்கு. அவ எழுந்து வர்ற வரைக்கும் நீங்க இருக்கீங்கல்ல… லோரியில முன்னால உக்காந்தா போதும்."

ஓரத்தில் தொங்கியபோதுகூட எனக்கு இப்படிப் பயம் வரவில்லை. "அமுதாவ முதல் தடவை எப்படிக் கூப்ட்டீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "இதே மாதிரிதான். ஒரு நாளைக்கு மட்டும் வான்னேன்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வெகுநேரம் கைகளால் முகத்தை மூடியிருந்தார். அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. தேற்ற மனம் வரவில்லை.

அமுதாவைத் தள்ளுபடுக்கையில் கொண்டுவந்தார்கள். கூட ஒருவர்தான் ஏறலாம் என்றார் நர்ஸ். நான் முன்னால் போனேன். அமுதா கையை ஆட்டி என்னை நிறுத்தினாள்.

"நீ வேணாம்ண்ணே. அவரு ஏறட்டும். இங்க விட்டுட்டுப் போனா அவரு உன்ன முன்னால உக்கார வச்சிருவாரு." அவளுக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. குணா அருகில் வந்ததும், ஊசி குத்திய கையாலேயே அவர் சட்டைப்பையிலிருந்து லோரிச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "கேட்டாலும் குடுக்காத. கீழ இவரு கண்ணையும் பாக்கச் சொல்லிட்டுத்தான் நான் ஆபரேசனுக்குப் படுப்பேன்." குணா தலையைக் குனிந்து ஆம்புலன்ஸுக்குள் ஏறினார். மேலே இடிக்காமலிருக்க அவள்தான் "குனி, இன்னும் குனி" என்றாள்.

விடிந்தது. பனி ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து நின்றது. ஓட்டத் தெரியாத இரண்டு வண்டிகளின் சாவிகளும், டார்ச் அடிப்பதற்காக வாங்கிய குணாவின் போனும் என் கையில் இருந்தன. போன் அடித்தது. சுப்ரா.

"குணா, முட்டகோஸ் ரெடிலா. இன்னைக்கு கொஞ்சம் சீக்கிரம் வந்துரு."

நான் மச்சான் பேசுகிறேன் என்றேன். அமுதாவுக்கு ஆபரேஷன் என்றேன். ஐயையோ என்றார், உண்மையாகவே பதறினார், எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தார். பிறகு குணாவைக் கேட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன். இரண்டு வருடமாக அவர்கள் இருவரும் மூடி வைத்த விஷயம். இந்த ஒரு மனிதருக்குத் தெரியக்கூடாது என்றுதான் என் தங்கை அத்தனை ராத்திரியும் கண்விழித்திருக்கிறாள். சொல்லிவிட்டேன்.

"குணா இனிமே ராத்திரியில ஓட்டமாட்டாருங்க. அவருக்குக் கண்ணு தெரியாது."

அந்தப் பக்கம் ஆச்சரியமே இல்லை.

"தெரியும்லா. மலையில எல்லாருக்கும் தெரியும். அதான் உங்க தங்கச்சி பாக்குதுல்ல?"

"அவதான் ஆஸ்பத்திரியில இருக்காளே."

 அவருக்குப் பின்னால் யாரோ டேப்பைக் கிழித்து ஒட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப, இன்னைக்கு யாரு பாப்பாங்க?" என்று கேட்டார்.